காலை உதைச்சவ பக்கத்து சீட்டுல

இன்னிக்கு எங்க பெண்கள் ஃபுட்பால் ஃபைனல். ஒண்ணுக்கு சைபர்னு தோத்துட்டோம்.

நாங்க சின்னச் சின்ன பாஸா கொடுத்து ஆடுவோம். எதிர் டீமுக்கு ரெண்டே வேலைதான். பந்தைத் தூக்கி அடிப்பாங்க, இல்லன்னா நம்ம காலை அடிப்பாங்க. அவங்க டிஃபெண்டர் ஒருத்தியே என்னை அஞ்சு தடவை கீழ தள்ளினா. ரெஃப்ரி ஒரே ஒரு தடவை விசில் ஊதினாரு.

வீங்கின காலோட கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுல ஏறினா, ஒரு சீட்டுதான் காலி. பக்கத்துல அவ, கழுத்துல மெடலோட!

"உக்காருங்கக்கா, காலை நல்லா நீட்டிக்கோங்க"ன்னு ஜன்னல் ஓரமா ஒடுங்கிக்கிட்டா.

"இந்த மரியாதை கிரவுண்டுல எங்கடி போச்சு?"ன்னு கேட்டேன்.

"உங்கள விட்டா கோல் போட்டுடுவீங்க. பந்தைப் பாக்காத, ஆளைப் பாருன்னு கோச் சொன்னாருக்கா."

நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் மெதுவா கேட்டா.

"அக்கா, உங்க டீம்ல எடம் இருக்குமா? நாங்க ஜெயிக்கிறோம், ஆனா பந்து என் காலுக்கே வர்றதில்ல."

எரிச்சலோட என் ஸ்டாப்புல எறங்கிட்டேன். வீட்டுக்கு வந்து எங்க கேப்டனுக்கு போன் பண்ணி கொட்டினா, "உடனே சேத்துக்கோ, அவ எதிர்ல நிக்கிறதுக்கு நம்மகூட நிக்கிறது மேல்"ங்கிறா.

ஐஸ் வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்களா இருந்தா சேப்பீங்களா?