மைதானம் அமைதியாகும் நேரம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த வருடம், செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கனடாவில், டொரொன்டோவின் ரெக்ஸ்டேலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் தொடங்கிய விஷயம் இது.

அவர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ட்ரக் ஓட்டியவர். கோடையில் விழுந்தார். கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சுத்தான் வரவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் விளங்கும், ஆனால் சொல்ல நினைக்கிற சொல் வாய்க்கு வராது. 'இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஓம்' என்று வந்துவிடும், பிறகு தன் தொடையிலேயே அடித்துக்கொள்வார். முதல் மாதங்களில் எவ்வளவு கதைக்கிறாரோ அவ்வளவுக்கு நல்லது, பிறகு பேச்சைத் திரும்பக் கொண்டுவருவது கடினம் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஃபோன் அடித்தாலே யாருக்கு என்னவோ என்று நெஞ்சு இடிக்கும். ஊரில் போருக்குப் பயந்து இடம்பெயர்ந்து ஓடியதில் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதனால் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கக் கூச்சம். இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்ற எண்ணம்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. வருத்தம் பார்க்க, நோயாளியை விசாரிக்க, நகரத்தின் மறுபக்கத்து ஸ்காபுரோவிலிருந்தும் மார்க்கம் என்ற ஊரிலிருந்தும் அப்பிளும் பால்மா டின்னுமாக வந்துகொண்டே இருந்தார்கள். வருகிறவர்கள், தங்களுக்குத் தெரிந்த யாருக்கெல்லாம் இப்படி வந்தது, அவர்கள் எப்படிக் கிடந்தார்கள் என்று அவர் முன்னாலேயே சொல்வார்கள். "எப்பிடி அண்ணை இருக்கிறியள்?" என்று யாராவது கேட்டால், அவர் வாய் திறப்பதற்குள் "முந்தியை விடப் பரவாயில்லை" என்று நான் முந்திக்கொள்வேன். அவர் சொல்லைத் தேடிக் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. "தண்ணியோ? தேத்தண்ணியோ? போர்வையோ?" என்று நானே எடுத்துக் கொடுப்பேன். அவர் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டுவார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அமெரிக்க நகரத்து ஃபுட்போல் அணியென்றால் அவருக்கு உயிர். காலால் உதைக்கிற கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அமெரிக்க விளையாட்டு. வருடக்கணக்காக ட்ரக் ரேடியோவில் கேட்டு வந்த பழக்கம். ஞாயிறு மத்தியானம் நாடகத் தொடர் பார்க்கிற நான் வீட்டில் அதற்கு இடம் கொடுத்ததே இல்லை. வருத்தக்காரர் என்பதால் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். விளையாட்டைப் பார்த்துப் பிறசர் ஏறிவிடுமோ என்று காவலுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஆட்கள் மலை மலையாக ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், எழும்பி வட்டமாக நின்று குசுகுசுக்கிறார்கள், திரும்பவும் விழுகிறார்கள். இடையில் இரண்டு பேர் ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்து நிலத்தை அளந்தார்கள். எனக்கு அடக்க முடியவில்லை.

"உது என்னத்துக்கு? எங்கட ஆக்களின்ரை வேலிச் சண்டை மாதிரியெல்லோ கிடக்கு" என்றேன்.

ஒரு பக்க வாயால் சிரித்தார். பிறகு, "ப... பத்து" என்றார்.

என்ன பத்து? பத்துப் பேரா, பத்து நிமிடமா? எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கையைத் தொலைக்காட்சிப் பக்கம் நீட்டி, நாலு விரலைக் காட்டி, "பத்து... யார். போ... போகோணும்" என்றார். நாலு தரத்துக்குள் பத்து யார், அதாவது பத்துக் கஜம், முன்னேற வேண்டும், முன்னேறினார்களா என்று பார்க்கத்தான் அந்தச் சங்கிலி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். புது மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஞாயிறு வந்தால் எனக்குக் கேள்விதான். நடுவர் ஏன் மஞ்சள் துணியை எறிகிறார்? பந்து உதைக்கிறவன் ஏன் நாள் முழுக்கக் கரையில் வாங்குப் பலகையில் குந்தியிருக்கிறான்? இவரிடம் கேட்க மட்டும் எனக்கு வெட்கம் வரவில்லை. அணி இரண்டு வென்றால் ஒன்று தோற்றது. திங்கள் முதல் சனி வரை அவர் பழையபடி தலையாட்டினார். ஞாயிறு மட்டும் கதைத்தார். அது ஏன் என்று விளங்கவில்லை.

டிசம்பரில், இவருடைய அணியின் சொந்த மைதானத்தில், கொட்டும் பனிக்குள் ஒரு ஆட்டம். எதிரணியிடம் பந்து இருக்கும்போது பார்க்க வந்த சனம் வீடு இடிந்து விழுகிற மாதிரிக் கத்தியது. சொந்த அணிக்குப் பந்து கிடைத்ததும் அத்தனை ஆயிரம் பேரும் கப்சிப். கிரிக்கெட்டில் எங்கள் ஆள் அடிக்கும்போதுதானே நாங்கள் கத்துவோம்?

"தங்கட ஆக்கள் விளையாடேக்கை ஏன் செத்த வீடு மாதிரி இருக்கினம்?" என்று கேட்டேன்.

அவர் வெகு நேரம் தேடினார். நான் காத்திருந்தேன். "அவன்... சொல்றது..." என்று பந்து எறிகிறவனைக் காட்டினார். "மற்றவைக்கு... கேக்கோணும்."

நான் அடுப்பைப் பார்க்கிற சாட்டில் குசினிக்குப் போய் நின்றேன். சத்தம் எதிரிக்கு, தன் ஆளுக்கு அமைதி. அப்படியானால் இந்த வீட்டில் நான் யாருக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன்? ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பதில் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவர் பேசினார். மற்ற நாட்களில் எல்லாப் பதிலும் எனக்குத் தெரியும் என்று நினைத்து, அவருக்கு ஒரு சொல்லையும் மிச்சம் விடவில்லை.

அடுத்த நாள் காலை, "என்ன குடிக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பயந்த ஆளுக்குப் பேசாமல் நிற்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. கேத்திலில் தண்ணீர் கொதித்து நின்றுவிட்டது. அவர் நெற்றியில் வேர்வை. கடைசியில் "கோப்பி" என்றார்.

"இவ்வளவு நாளும் தேத்தண்ணியெல்லோ குடிச்சனீங்கள்?"

"நீர்... சொல்ல... விட்டால்தானே."

ஜனவரியில், தோற்றால் வெளியே என்ற கட்டத்து ஆட்டம். மார்க்கத்திலிருந்து அவருடைய தம்பியும் மனைவியும் வந்திருந்தார்கள். கடைசி நிமிடத்தில் அணி தோற்றது.

"உவங்கள் எப்பவும் உப்பிடித்தான் அண்ணை. உவங்களை நம்பி ஒரு வருசத்தை வீணாக்கிப்போட்டியள்" என்றார் தம்பி. "அத்தான், யோசிக்காதேங்கோ, பிறசர் கூடும்" என்றார் தம்பியின் மனைவி. இவருடைய உதடு அசைவதை நான் கண்டேன். தம்பியும் கண்டுவிட்டார். "என்ன அண்ணை, தண்ணியோ? படுக்கப் போறியளோ?"

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. அவர் சொல்லட்டும்" என்றேன். தம்பியின் முகம் சுருங்கியது. அவர் மனைவி ஃபோனை நோண்டத் தொடங்கினார். நான் தொலைக்காட்சியின் சத்தத்தையும் நிற்பாட்டினேன். இவர் ஒன்றும் சொல்லாவிட்டால், வந்தவர்கள் முன்னால் இவரை அவமானப்படுத்தியது நானாகிவிடுமே என்று பயந்தேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். "அடுத்த... வருசம்... பாப்பம்," என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் தேடி, "நீயும்... வா."

"ஓம் அண்ணை, வாறன்" என்றார் தம்பி. கோடையிலிருந்து நான் அடுத்த கிழமைக்கு அப்பால் நினைக்கத் துணிந்ததில்லை. விழுந்து எழும்பிய மனிதர் அடுத்த வருடத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இன்றும் அவர் பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. நானும் இன்றுவரை பயந்த ஆள்தான். ஆனாலும் ஒருவர் சொல் வராமல் தடுமாறி நிற்கும்போது அந்த நேரம் அவருக்குச் சொந்தம், அதில் நான் புகுந்துவிடக் கூடாது என்று, முகம் தெரியாத ஒரு சனக்கூட்டம் பனிக்குள் வாயை மூடி நின்று எனக்குக் காட்டித் தந்ததை நினைத்துக்கொள்கிறேன்.