ஆடுற குதிரைக்காரர்

கிருமாம்பாக்கத்தில் இறங்கி இருசப்பன் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். அந்தப் பேரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். "ஆடுற குதிரைக்காரர் வூடு" என்று கேட்டால் பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கை காட்டும். அந்தப் பேரில் அவருக்கு அப்படி ஒரு பெருமை இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி போய்விடுகிறார்.

கரும்பு வெட்டிப் பிழைத்த மனிதர். இடுப்பு பிடித்துக்கொண்டு இனி குனிய முடியாது என்று ஆனபோது, மாடு வாங்கி வண்டி கட்டச் சொன்னது ஊர். இவர் போய்ச் செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேர் ரோசா.

"மாடாச்சும் பால் குடுக்கும். இது இன்னா குடுக்கும்?" என்று கேட்டாள் அவர் மனைவி கனகாம்பாள். கேட்டதோடு சரி. அன்று முதல் ரோசாவுக்குத் தவிடு கரைத்து வைப்பதும், பம்புசெட்டில் குளிப்பாட்டுவதும் அவள்தான். பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் திட்டு வாங்கவும் ஓர் ஆள் வேண்டுமல்லவா.

சாதாரண நாளில் டயர் வண்டியில் செங்கல், சிமெண்டு மூட்டை. முகூர்த்த நாளில் சாரட்டு. ரோசா இழுக்காத பாரம் இல்லை.

ஆட்டம் தொடங்கியது தவளக்குப்பத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில். பேண்டு செட்டு முழங்க, ஊர்வலம் நின்று நின்று போனது. நின்ற இடத்திலெல்லாம் ரோசா இடது முன்னங்காலைத் தூக்கி மடக்கியது. நடக்கும்போது ஓர் அடி விட்டு ஓர் அடிக்குத் தலையை ஆட்டியது. பேண்டு செட்டு நடேசன்தான் முதலில் கவனித்தார்.

"யோவ் இருசப்பா, உன் குதிர தாளத்துக்கு ஆடுதுய்யா."

அவ்வளவுதான். மாப்பிள்ளைத் தோழர்கள் சுற்றிக்கொண்டு விசிலடித்தார்கள், படம் பிடித்தார்கள். சொல்லிக்கொடுக்காமலே தன் குதிரை ஆட்டம் பழகிவிட்டது என்று இருசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே கடைக்குப் போய், சிவப்பு வெல்வெட்டில் சலங்கை கோத்த பட்டை வாங்கி வந்து, ஆடுகிற காலாகப் பார்த்துக் கட்டிவிட்டார்.

கொஞ்ச நாளில் பட்டை எட்டவில்லை. குளம்புக்கு மேலே மூட்டு உருண்டு திரண்டிருந்தது. "தீனி உடம்புல ஒட்டுது. காலு எப்படித் தேறியிருக்குது பாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். நீளமாக வேறு பட்டை தைத்துக் கட்டினார்.

குளிப்பாட்டும்போது கனகாம்பாள் ஒருநாள் சொன்னாள். "இன்னாய்யா, இந்தக் காலு மட்டும் கொதிக்குது?"

"வெயில்ல வந்த குதிர கொதிக்காம ஜில்லுனா இருக்கும்? போவியா."

மற்ற மூன்று காலும் அதே வெயிலில்தான் வந்தன. அதை அவர் யோசிக்கவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. கல்யாணம் இல்லை, மழையில் செங்கல் சூளையும் நின்றிருந்தது. ரோசா கொட்டகையிலேயே இருந்தது. மாதக் கடைசியில் அவிழ்த்து நடத்திப் பார்த்தால் தலையை ஆட்டவில்லை, காலைத் தூக்கவில்லை, சாதுவாக நடந்தது. இருசப்பனுக்குப் பக்கென்றது. சும்மா கிடந்ததில் ஆட்டம் மறந்துவிட்டது என்று நினைத்தார். ஆவணிக் கல்யாணங்களுக்கு வரிசையாக அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாரே.

மறந்ததைப் பழக்க வேண்டாமா? விடியலில் கடலூர் சாலைக்குக் கொண்டுபோய், தார் ரோட்டில் பாகூர் பிரிவு வரை விரட்டி விரட்டி ஓட்டினார். ஒரு வாரத்தில் ஆட்டம் வந்துவிட்டது. முன்னைவிட நன்றாகவே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதற்கு வெல்லம் வாங்கிக் கொடுத்தார். அது அவர் கையை நக்கியது. இதைச் சொல்லும்போதுதான் மனிதர் இன்றைக்கும் உடைந்து போகிறார்.

ஐப்பசியில் ஒருநாள் விடிந்தபோது, ரோசா அந்த இடது முன்னங்காலை ஊன்றவே இல்லை. மூட்டு இளநீர்க்காய் அளவுக்கு வீங்கிப் பளபளத்தது. கால்நடை டாக்டர் புவனேஸ்வரி வந்து தொட்டுப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"நேத்துதாம்மா. அதுக்கு முன்னாடி ஆடிக்கினு இருந்துச்சு. நீங்களே பாருங்க" என்று இருசப்பன் போனை எடுத்து, தவளக்குப்பத்து வீடியோவைப் போட்டுக் காட்டினார். அந்த நேரத்திலும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் முழுவதும் பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"ஐயா, இது ஆட்டம் இல்லிங்க. தலையப் பாருங்க. வலிக்கிற காலு தரையில படும்போதெல்லாம் தலையத் தூக்குது, அதுல பாரம் ஏறக் கூடாதுன்னு. நிக்கும்போது அதே காலத்தான் மடக்குது. என்னைக்காச்சும் வலது காலத் தூக்கி ஆடுச்சா?"

இருசப்பன் யோசித்துப் பார்த்தார். ஒரு கல்யாணத்தில்கூட இல்லை.

"ஆடியில ஓய்வு கெடச்சதும் வலி கொறஞ்சிருக்கு. அப்பவே விட்டிருந்தா தேறியிருக்கும். இப்ப உள்ள சீழ் வெச்சிடுச்சு."

அன்றைக்கே சொன்னேனே என்று கனகாம்பாள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் சலங்கைப் பட்டையை எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் வீசிவிட்டு வந்து, ரோசாவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

ஊசி, மருந்து, கட்டு என்று டாக்டரும் தம்மால் ஆனதைப் பார்த்தார். மூன்று காலில் எத்தனை நாள் நிற்கும்? கார்த்திகை மழையில் ரோசா படுத்தது. படுத்த குதிரை எழுந்திருக்கவில்லை. கரும்புக் கொல்லை ஓரத்தில் ஜேசிபி வைத்துத்தான் குழி எடுக்க வேண்டியிருந்தது. இருசப்பன் உள்ளே இறங்கி, இடது காலை மட்டும் நேராக நீட்டி வைத்துவிட்டு ஏறினார்.

தை பிறந்ததும் மடுகரையிலிருந்து போன் வந்தது.

"ஆடுற குதிரைக்காரர்தானே? உங்க வீடியோ பாத்தோம். நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கு வேணும்."

"அது ஆடலப்பா" என்றார் இருசப்பன். "நொண்டுச்சு. எனக்குத் தெரியல."

அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அதெல்லாம் சரிங்க. முகூர்த்தத்துக்கு வருமா, வராதா?"