தேத்தண்ணியில் வரைந்த முகம்

நான் மூணாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எங்கள் மலையூர் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் லோரிகளில் மூன்று என்னுடையவை. யார் தயவும் இல்லாமல் வாங்கியவை. ஒரு முகத்தை ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டேன், அதை அடித்துச் சொல்வேன். அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு பதினைந்து வயசுப் புள்ள திணறடித்தாள் என்றால் எழுதத்தானே வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. அவள் அப்பா என் கூட்டாளி, தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன். காய்ச்சலில் போய்விட்டான். வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. அடையாளக் கார்டில் இருந்தது ஒன்றுதான். சாவைப் பதியப் போனபோது கார்டையும் வாங்கிக்கொண்டார்கள். வருஷத் திதி நெருங்கியது. மாலை போட்டுப் பொட்டு வைக்க ஒரு முகம் இல்லையே என்று அவன் மனைவி புலம்பினாள்.

"நான் வரையறேன்மா. எனக்கே அப்பா முகம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கிட்டு வருது" என்றாள் மகள்.

தானா ராத்தா டவுனில் கலர் பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேணாம் மாமா. அப்பா தோலு கலரு தேத்தண்ணியிலதான் வருது."

தேயிலைத் தூளைக் கருகருவென்று சுண்டக் காய்ச்சுவாள். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று. எங்கள் குளிரில் ஒரு பூச்சு காய அரை நாள் ஆகும். கன்னத்து நிழலுக்கு மட்டும் ஒன்பது பூச்சு. என் லோரிக்குப் பெயர் எழுதிய பெயிண்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய், "எங்கப்பா எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள். செத்தவனைக் குறை சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. மூக்கு எடுப்பாக இருக்கும், சிரித்த முகம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். நானும்தான். எல்லாவற்றையும் சேர்த்து வரைந்து காட்டினாள்.

"யாரு இந்த மாப்பிள்ள? நல்லாத்தான் இருக்காரு" என்றாள் அம்மா.

அந்தப் புள்ள அழவில்லை. பலகையைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"எல்லாரும் ஏமாத்திட்டீங்க மாமா. அவரு முகத்துல என்ன கோணலோ அதச் சொல்லுங்க."

"செத்தவன வையச் சொல்றியா?"

"வைங்கலா, நல்லா வைங்க. இல்லாட்டி அவரு வரமாட்டாரு."

சொன்னேன். இடது காது மடங்கியிருக்கும். முன்பல் ஒன்று உதட்டுக்கு வெளியே நிற்கும். பசி வந்தால் புருவம் இறங்கிவிடும், பெற்ற மகளையே முறைப்பது போலிருக்கும். நான் வாய்திறந்ததும் மற்றவர்களும் திறந்தார்கள். பழைய சண்டையில் கிழிந்த தாடை வரைக்கும் வந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. கேட்டதைத் தன் முகத்தில் செய்து பார்ப்பாள், புருவத்தை விரலால் தடவி அளப்பாள், அப்புறம்தான் பலகையைத் தொடுவாள்.

திதிக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டாள். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தவள், பலகையைப் பார்த்தாள்.

"முறைக்காதீங்க. இப்பத்தான் வேல விட்டு வரேன், உல வைக்கிறேன்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மகள் படத்தைப் பார்க்கவே இல்லை. அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரில் ஓர் இடத்தைக் காட்டினாள்.

அங்கே ஆணி அடித்தவன் நான்தான்.