வலப்பக்கத்தில் எழுதிய மூன்று பெயர்கள்

ஒருவருக்கு நம்பிக்கை கொடுப்பது எந்த இடத்தில் அவரை ஏமாற்றுவதாக மாறுகிறது? சமூகப்பணியில் முதுகலை முடித்து, ஊரில் ஆசிரியையாக இருக்கும் நான், இதற்கு விடை எனக்குத் தெரியும் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கட்டுமாவடிக்கு அருகே உள்ள எங்கள் கடற்கரைக் கிராமத்தில், ஒரு சனிக்கிழமை மாலை அந்த நினைப்பு உடைந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு நோட்டு உண்டு. ஞாயிறு திருப்பலியில் யார் யாருக்காக மன்றாட வேண்டும் என்பதை மக்கள் சனிக்கிழமை வந்து சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். இடப்பக்கம் நன்றிக் கருத்துகள்: வேலை கிடைத்தது, பிள்ளை பிறந்தது, காய்ச்சல் தீர்ந்தது. வலப்பக்கம் இறந்தோர். மறுநாள் பூசை தொடங்குமுன் நானே மைக்கில் வாசிப்பேன்.

அந்த வாரம் புதன்கிழமை மதியம் கடலுக்குப் போன ஒரு படகு, வியாழன் காலை கரைக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதில் மூன்று பேர்: எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவரின் கணவர், கணவரின் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர். வாடைக்காற்று பலமாக வீசிய நாள்கள் அவை. அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஊர்ப் படகுகளும் இரண்டு நாள் தேடின. கிடைத்தது அவர்களுடைய நீல நிறத் தண்ணீர்க் கேன் மட்டும்.

சனிக்கிழமை பிற்பகல், அக்காவின் கணவருக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் கோயிலுக்கு வந்தார். "எதுக்கும் மூணு பேரையும் எழுதிருங்க டீச்சர். ஆத்துமாவாச்சும் கரையேறட்டும்" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்தபடி போய்விட்டார்.

நான் அவசரப்பட்டு எழுதவில்லை. காற்றின் வேகம், கேன் மிதந்து வந்தது, படகில் இனிக் குடிநீர் இல்லாதது என்று ஒவ்வொன்றாக எடைபோட்டேன். உண்மையை எவ்வளவு சீக்கிரம் ஏற்கிறார்களோ, அவ்வளவுக்கு அந்தக் குடும்பங்கள் தாங்கிக்கொள்ளும் என்று முடிவுசெய்தேன். வலப்பக்கத்தில் மூன்று பெயர்களையும் எழுதினேன். அன்று என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

மாலை ஐந்து மணிக்கு அக்கா வந்தார். முகம் கழுவி, தலைவாரி, திருவிழாவுக்குக் கட்டும் மஞ்சள் சேலையில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு நன்றிக் கருத்து எழுதணும்."

நோட்டை மூட நான் கை நீட்டுவதற்குள் அவர் பார்த்துவிட்டார். பெயர்களின் மேல் விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை.

"நீங்க படிச்சவுக. ஒடம்பு கெடைச்சிருச்சா?"

"இல்லக்கா."

"அப்ப எதைப் பாத்து எழுதுனீங்க?"

பெரியப்பா மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மனம் வரவில்லை. 'நலமாகத் திரும்பி வர வேண்டி' என்று மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டுறதெல்லாம் மூணு நாளா வீட்டுல வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். திரும்பி வந்ததுக்கு நன்றின்னு எழுதுங்க. எங்க மாமியார்ட்டயும் பக்கத்து வீட்டுலயும் கேட்டுட்டுத்தான் வாரேன்."

அவர் கேட்டிருந்தார். நான் எந்த வீட்டிலும் கேட்கவில்லை.

"இன்னும் வரலையேக்கா."

"வந்தபெறகு எல்லாரும்தான் நன்றி சொல்லுவாக. அதுக்கு விசுவாசம் எதுக்கு டீச்சர்?"

ஊரே கேட்க நன்றி என்று வாசித்துவிட்டு, மறுநாள் உடல் கரை ஒதுங்கினால்? தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "வேற மாதிரி சேதி வந்தா என்னக்கா செய்வீங்க?"

"வந்தா அழுவேன். ஒங்க தோள்லயே வந்து விழுந்து அழுவேன், போதுமா? அதுக்கு இன்னிக்கே எதுக்கு அழுவணும்? இன்னிக்குப் புள்ளைகளுக்குச் சோறாக்கணும்."

பெயர்களைக் கோடிட்டு அடித்துவிட்டு, இடப்பக்கத்தில் எழுதினேன். ஞாயிறுதோறும் 'கடவுளை நம்புகிறேன்' என்னும் நம்பிக்கை அறிக்கையைத் தடுமாறாமல் சொல்கிறவள் நான். அந்த ஒரு வரியை எழுதுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

மறுநாள் அதை மைக்கில் அப்படியே வாசித்தேன். பூசை முடிந்து வெளியே வந்தால், ஆண்கள் கலையாமல் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று ஒரு படகுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டியபடி சொன்னார்: "நன்றியும் சொல்லியாச்சு. இனிமே போய்க் கூட்டிட்டு வரலைன்னா சாமிகிட்ட நாமதான் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். கெளம்புங்கப்பா."

"கெழக்கேயே தேடுனோம். இந்த வாடைக்குத் தெக்கதான் தள்ளியிருக்கும்" என்றார் இன்னொருவர்.

"நான் வெள்ளிக்கிழமையே சொன்னேன். எவன் கேட்டான்?"

ஐந்து படகுகள் தெற்கே போயின. நான்கு மணிக்குத் தொண்டிப் பக்கத்திலிருந்து போன் வந்தது. என்ஜின் பழுதாகி, மிதந்துகொண்டிருந்த படகில் மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். தார்ப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரைக் குடித்துத் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு போனேன். உதடு வெடித்து, கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த அவர் கணவர் என்னைப் பார்த்ததும், "செத்தவுக பக்கத்துல என்னைய எழுதுனது நீங்கதானா டீச்சர்? ஒரு பூவாச்சும் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "இங்கிட்டு வாங்க. ஒங்க தோளுக்கு வேலை இல்லாமப் போச்சு, என் தோள்ல அழுங்க."

எதையும் விளைவை எண்ணிப் பார்த்தே செய்வதாகப் பெருமைப்பட்டிருந்தவள் நான். அந்தப் பெயர்களை இறந்தோரோடு சேர்த்து வாசித்திருந்தால், ஐந்து படகுகளும் கரையிலேயே கிடந்திருக்கும் என்பது என் எண்ணத்தில் வரவே இல்லை. எல்லாப் படகுகளும் திரும்புவதில்லை. கடலோரத்தில் பிறந்த அக்காவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

இன்றும் நான்தான் அந்த நோட்டை எழுதுகிறேன். இறந்துவிட்டார் என்பது உறுதியாகும்வரை எவர் பெயரையும் வலப்பக்கத்தில் எழுதுவதில்லை; வீட்டாரைக் கேட்காமல் எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை.