கடைக்கு எதிரே இருந்த சுவர்

எங்கள் லேஅவுட்டைத் திட்டமிட்டவர்கள் கீழே கடை, மேலே வீடு என்று ஒரு வரிசை முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள். வரைபடத்தில் அது நன்றாகவே இருக்கும். வரிசைக்கு முன்னால் அகலமான சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் மரங்கள், மரங்களுக்கு அப்பால் ‘எதிர்கால விரிவாக்கம்’ என்று எழுதிய வெற்றிடம். நேரில் போனால் அந்த வெற்றிடம் ஒரு ராகி வயல். வயலுக்கும் சாலைக்கும் நடுவே ஆள் உயரத்தை மிஞ்சிய சிமெண்ட் கல் சுவர். வரிசையின் கடைசியில், அந்தச் சுவரைப் பார்த்தபடி, என் அம்மாவின் டிபன் கடை.

சாலை கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும். அதனால் அங்கே வருகிறவர்கள் மூன்று வகை: மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா, செக்யூரிட்டி, வழி தவறியவர்கள். வழி தவறியவர்கள் வண்டியைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு காபி குடிப்பார்கள். அவர்கள்தான் முக்கிய வருமானம்.

கடையைப் பிடித்துக் கொடுத்த புரோக்கர், அடுத்த வருஷம் லேஅவுட்டின் செகண்ட் ஸ்டேஜ் வருகிறது, சுவரை உடைத்துவிடுவார்கள், அப்புறம் உங்கள் கடைதான் முதல் கடை என்று சொல்லியிருந்தார். அம்மா அதை நம்பினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பல காரியங்களுக்குத் தேதி இல்லாமல் போயிற்று. எல்லாம் ‘சுவரை உடைத்த பின்னாடி’ என்று குறிக்கப்பட்டன. பெயர்ப்பலகை எழுதுவது, வாசலில் இரண்டு மேசை போடுவது, கிரைண்டரை மாற்றுவது. கிரைண்டரின் கல்தொட்டியில் விரிசல் இருந்தது. மாவு கசியும். அம்மா வெளிப்பக்கம் எம்-சீல் தடவி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். விடிவதற்குள் போய்விடுவார். கடை விஷயத்தில் அவர் கருத்துச் சொன்னதில்லை.

நான் சிவில் படித்து, பிறகு நகரத் திட்டமிடல் படித்து, மைசூரிலேயே ஒரு சிறிய திட்ட அலுவலகத்தில் சேர்ந்தேன். ஊர் ரிங் ரோட்டைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது. எங்கள் லேஅவுட்டில் காலி சைட் தீர்ந்துவிட்டது. ஒருநாள் ராகி வயல் எங்கள் அலுவலகத்துக்கு வேலையாக வந்தது. செகண்ட் ஸ்டேஜ்: வீடுகள், கடைகள், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு ஸ்டேஜையும் இணைக்கும் சாலை.

அன்றைக்கே மேலதிகாரியிடம் போய், அந்தச் சுவருக்கு எதிரே என் அம்மா கடை வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவர் வேலைப் பட்டியலை எடுத்தார். சாலைகளை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். எனக்கு மழைநீர் வடிகால் வந்தது. “சாக்கடையில் யாருக்கும் சொந்தக்காரர்கள் இருக்க மாட்டார்கள்” என்று கன்னடத்தில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“ரோடு உன்ர கையில இல்லயா?”

“இல்லம்மா. ட்ரெய்னேஜ்தான்.”

“அத்தன படிச்சு சாக்கடயா குடுத்தாங்க?” என்றாள். பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே, “தசராவோட அக்ரிமெண்ட்டு முடியுது கண்ணு. இந்தவாட்டியும் சுவத்த ஒடைக்கலீன்னா நான் கடையக் காலி பண்ணிப்போடறேன். ஏதாச்சும் ஹாஸ்டல்ல சமையலுக்குப் போயிக்கறேன்” என்றாள்.

அம்மா யாரிடமும் வேலை பார்த்ததில்லை. மைசூருக்கு வருவதற்கு முன்னால் அனூரில் இருந்தபோது சந்தையில் போட்டதுகூடச் சொந்தக் கடைதான். உப்பு போதவில்லை என்று ஒருவர் சொன்னால் மூன்று நாள் அவருக்குச் சட்னி வைக்க மாட்டாள். ஹாஸ்டல் சமையலறையில் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

சாலையை எங்கே திறப்பது என்று பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவில் கூட்டம் போட்டார்கள். சுவரை ஒட்டிய சாலையில் இருந்த எல்லா வீட்டுக்காரர்களும் வந்தார்கள். எல்லாருக்கும் இணைப்புச் சாலை வேண்டும். ஆனால் புதிய சாலை நேராக வந்து முட்டுகிற இடத்தில் ஒரு வீட்டு வாசல் இருக்கும். அந்த வீட்டுக்குத் தெருக்குத்து. ஆகவே எல்லாருக்கும் சாலை அடுத்தவர் வாசலுக்கு நேராக வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரம்மா நான்கு தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம்; பேச்சில் பாதி கன்னடம். எழுந்து, “ரோடு வேணும்ரீ. ரோடு இல்லாம எப்படி? ஆனா நம்ம வாசலுக்கு பேடா, வேண்டாம்” என்றார். அவருக்கு முன்னால் பேசியவர்களும் இதையே சொல்லியிருந்தார்கள்.

அம்மா கூட்டத்துக்குக் காபி கொண்டுவந்திருந்தாள். பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, “எங்கட கடைக்கு நேரா உடுங்க. எங்களுக்கு ஒண்ணும் குத்தாதுங்” என்றாள்.

“கடை உங்களுது. வீடு எங்களுது அல்லவா? குத்தறது வீட்டுக்குத்தான்.”

“கீழ இருக்கறது நானுங்க்கா. மொதல்ல என்னையக் குத்தீட்டுத்தான உங்ககிட்ட வரோணும்? மாடி ஏறி வரதுக்குள்ள அதுக்கே களைப்பாயிரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “பேடாரீ” என்றார்.

சாலை பூங்காவுக்கு நேராகத் திறப்பதென்று முடிவாயிற்று. பூங்காவில் யாரும் குடியிருக்கவில்லை. இருந்தாலும் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் வைப்பது என்றும் தீர்மானம் போட்டார்கள். பூங்கா இருப்பது சாலையின் மறுகோடியில். இனி வழி தவறுகிறவர்கள்கூட எங்கள் பக்கம் வர மாட்டார்கள்.

அந்த வாரம் அம்மா ஒரு நர்சிங் ஹாஸ்டலில் விசாரித்துவிட்டு வந்தாள். “கத்தரிக்காய நெட்டு வாக்குல நறுக்கோணுமாமா. வார்டனம்மா சொல்லுது” என்றாள்.

நான் வடிகால் வரைந்துகொண்டிருந்தேன். வடிகாலில் நம் விருப்பத்துக்கு இடம் குறைவு. நில மட்டங்களைக் குறித்து, சம உயரக் கோடுகளைப் போட்டால், தண்ணீர் எங்கே போகும் என்று நிலமே சொல்லிவிடும். ராகி வயல் முழுவதும் எங்கள் லேஅவுட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. அதன் மிகத் தாழ்ந்த இடம் சுவரை ஒட்டி இருந்தது. அந்த இடத்திலிருந்து நேராக ஒரு கோடு போட்டால் அது என் அம்மாவின் இட்லிக் குண்டானில் போய் நிற்கும்.

கணக்கை மறுபடி போட்டேன். மாறவில்லை. சர்வேயரை மறுபடி போய் மட்டம் எடுக்கச் சொன்னேன். அவரும் அதையே கொண்டுவந்தார். மேலதிகாரியிடம் வரைபடத்தைக் கொண்டுபோய், கடை இருக்கும் இடத்தையும் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வயலில் லெவல் கருவிக்குப் பின்னால் தானே நின்று பார்த்துவிட்டு, செருப்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார்.

“பூமியிடம் உன் அம்மா ஏதாவது பேசி வைத்திருக்கிறாரா?” என்று கேட்டார்.

“தெரியவில்லை சார்.”

கையெழுத்துப் போட்டார். வடிகாலின் அகலத்துக்குச் சுவரை உடைப்பது, யாரும் விழாமல் இருக்க மேலே கற்பலகை போட்டு மூடுவது, தண்ணீரைச் சாலையோர வடிகாலில் சேர்ப்பது.

செய்தி எனக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டது. வீட்டுக்காரம்மா மாடிப்படியில் காத்திருந்தார்.

“நம்ம வாசலுக்கு நேரா என்னமோ வரைஞ்சிருக்கியாமே?”

“மழைத்தண்ணி போற ட்ரெய்ன் ஆண்ட்டி.”

“ரோடு அல்லவே?”

“அல்ல ஆண்ட்டி. ஆனா மேல கல் போட்டு மூடுவாங்க. அது மேல ஆளுங்க நடப்பாங்க. அதையும் உங்களுக்குச் சொல்லிடறேன்.”

“இரு” என்று சொல்லி, தேவராஜ மொஹல்லாவில் இருக்கும் தன் ஜோசியருக்குப் போன் செய்தார். நான் படியிலேயே நின்றேன். பேசி முடித்தபோது முகம் தெளிந்திருந்தது. வாசலைப் பார்த்துத் தண்ணீர் வந்தால் அது லட்சுமி என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அது எந்த ஸ்டேஜிலிருந்து வருகிறது என்பது பொருட்டில்லையாம்.

“வருஷம் பூரா வருமா?”

“மழை பெஞ்சா வரும் ஆண்ட்டி.”

“சாகு. அது போதும்.”

“ஆளுங்க நடக்கறது?”

“நடக்கட்டும். தண்ணி மேல நடந்தா தண்ணி கொறஞ்சா போயிடும்?”

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு வேலை நாள் காலையில் சுவரை உடைத்தார்கள். அம்மா கரண்டியோடு வாசலில் நின்று பார்த்தாள். மூன்று பேர் ஒட்டி நடக்கும் அளவுக்கு ஒரு திறப்பு. அவள் இத்தனை வருஷம் மனத்தில் உடைத்து வைத்திருந்த சுவரோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியது.

“இவ்வளவுதானா?” என்றாள்.

“தண்ணிக்கு இவ்வளவு போதும்மா.”

கற்பலகை போட்ட அன்றே, அந்தப் பக்கம் கட்டட வேலை செய்துகொண்டிருந்த தருமபுரி ஆட்கள் அதன்மேல் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் கடையை எட்டிப் பார்த்து, “ஏக்கா, களி கெடைக்குமா?” என்று கேட்டார்.

“மதியத்துக்குக் கிண்டறேன். இப்ப இட்லிதான்.”

“இத்தன நாளா எங்கக்கா இருந்தீங்க? கடை தேடி ரிங் ரோடு வரைக்கும் நடந்தோம்.”

“நான் இங்கயேதான் இருந்தேன். நீங்கதான் சுவத்துக்கு அந்தாண்ட இருந்தீங்க. உக்காருங்க.”

அவர்கள் மதியமும் வந்தார்கள். பிறகு, முதலில் முடிந்த வீடுகளில் குடிவந்தவர்கள் வந்தார்கள், புதுப் பள்ளிக்கூட ஆயாக்கள் வந்தார்கள். பூங்காவைச் சுற்றிக்கொண்டு போவதைவிடக் கற்பலகை வழி குறுக்கு என்பதை எல்லாரும் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். அம்மா புதுக் கிரைண்டர் வாங்கினாள்.

அப்புறம் ஒரு நாள் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். மறுநாள் இரண்டு ஸ்கூட்டர். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, செருப்புப் போடாமல் இறங்கி வந்தார்.

“ஆளு நடந்தா சரி. வண்டி வந்தா அது தெரு. ஜோசியர் சொல்லிட்டார். மூடச் சொல்லப் போறேன்ரீ. அக்ரிமெண்ட்டும் யோசிக்கணும்.”

அம்மா அவரோடு வாதாடவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த கட்டட ஆட்களைப் பார்த்து, “கை கழுவீட்டு ஒரு கை புடிங்கப்பா” என்றாள். கடைக்குப் பின்னால் கிடந்த பழைய கிரைண்டர் கல்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். திறப்பின் நடுவில் அதைக் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசினார்கள். ஆட்கள் இரண்டு பக்கமும் போகலாம். ஸ்கூட்டர் நுழையாது.

“இப்ப தெருவுங்களா?” என்று அம்மா கேட்டாள்.

வீட்டுக்காரம்மா கல்லின் ஒரு பக்கமாக உள்ளே போய், மறுபக்கமாக வெளியே வந்தார். “அல்ல” என்றார்.

“வண்டியில வரவனுக்குப் பசி கம்மிதானுங்க்கா. நடந்து வரவன் ரெண்டு இட்லி சேத்தித் திம்பான். எனக்கு இதே போதும்.”

தசரா முடிந்த வாரம் வீட்டுக்காரம்மா அக்ரிமெண்ட்டோடு கீழே வந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். நர்சிங் ஹாஸ்டலிலிருந்து போன் வந்தபோது, “கத்தரிக்காய நான் குறுக்காலதான் நறுக்குவேனுங்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வேலை முடிந்ததும், கட்டியபடி உள்ளதை வரைந்து கொடுப்பது எங்கள் அலுவலக வழக்கம். வடிகாலின் மேல் ஒரு சிறிய வட்டம் போட்டிருந்தேன். மேலதிகாரி அதில் பேனாவை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

“தடுப்புக் கல் சார். வண்டி வராமல் இருக்க.”

“நம் வரைபடத்தில் இல்லையே. யார் போட்டது?”

“அங்கே சாப்பிடுகிறவர்கள்.”

“என்ன கல்?”

“கருங்கல். உள்ளே குழிவாக இருக்கும். ஒரு பக்கம் விரிசல்.”

அவர் பேனாவை மூடினார். இருபுறமும் விட்டிருக்கும் அகலத்தைக் குறித்துவரச் சொன்னார். சாயங்காலம் டேப்போடு போனேன். கல்லின்மேல் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். அம்மா கடையிலிருந்து, “வழிய மறிச்சுட்டு நிக்காத கண்ணு, ஆளுங்க வராங்க” என்று சத்தம் போட்டாள். ஒதுங்கி நின்று, அவர்கள் போன பிறகு அளந்தேன்.