அண்ணா அழைத்துப்போன மெஸ்

இதை எழுதாதே என்று அண்ணா காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அதனால்தான் எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் காலி குவார்ட்டர்ஸ் பக்கம் தனியாகப் போய்விட்டு வந்து என்னிடம் பேசட்டும். கதை கட்டி ஊரைப் பயமுறுத்துகிற அளவுக்கு எனக்கு மூளையும் கிடையாது, பொழுதும் கிடையாது.

என் பெயர் சுந்தரேஷ். குர்காவுனில் ஐ.டி. கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அண்ணா பட்டாபி மத்திய சர்க்கார் உத்தியோகம், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். அப்பா அம்மா போன பிறகு எனக்கு வீடு என்றால் அவன் வீடுதான். நான் எத்தனை மணிக்கு வந்தாலும் வைதேஹி மன்னி ரசத்தைச் சுடவைத்துச் சாதம் போடுவாள். அவர்களுக்கு ஒரே பெண், மேதா. ஆறு வயது. சித்தப்பா என்று அவள் கூப்பிட்டால் போதும், அன்றைக்கு ஆபீஸில் வாங்கிய திட்டெல்லாம் மறந்துபோகும்.

போன பிப்ரவரியில் மேதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பிடிவாதம் இல்லை. ஒரு வாய் ஊட்டினால் வெளியே தள்ளிவிடுவாள். "பேட் பரா ஹை, சித்தப்பா" என்பாள். வயிறு நிறைந்திருக்கிறதாம்! பார்க்காத டாக்டர் இல்லை, எடுக்காத ஸ்கேன் இல்லை. எல்லாம் நார்மல். கை காலெல்லாம் குச்சியாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் குழந்தை தாங்காது என்று கடைசியாகப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கு மறுநாள் ராத்திரி. நான் வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டேகால். சமையலறையில் விளக்கு இல்லை. மன்னி குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்குச் சமைக்கலை. உங்கண்ணா வெளில அழைச்சுண்டு போறாராம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாவம், வேதனையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கோ கொலைப்பசி. அந்த நேரத்தில் தில்லியில் பசித்தால் பராத்தா வண்டி, மோமோ, பிரெட் ஆம்லெட். எண்ணெயைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு எரியும். நடுராத்திரியில் ஒரு கரண்டி ரசம் சாதம் கிடைக்காதா என்று சாணக்யபுரி வரைக்கும் பைக்கில் அலைந்தவன் நான்.

"பக்கத்துலயே ஒரு மாமி மெஸ் வெச்சிருக்கா. ராத்திரி மட்டும்தான். நம்மாத்துச் சாப்பாடு" என்றான் அண்ணா.

"இத்தனை நாள் ஏண்டா சொல்லலை?"

"இப்பதான் தெரிஞ்சுது. ஜல்தி வா."

வாசல் விளக்கில்தான் கவனித்தேன். அண்ணா வேஷ்டியில் இருந்தான். தலையெல்லாம் ஈரம். அந்தக் குளிரில், அந்த நேரத்தில், குளித்திருந்தான். "என்னடா இது?" என்றேன். "குழந்தைக்காக ஒரு வேண்டுதல்" என்றான். அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

மார்க்கெட்டுக்குப் பின்னால், இடிப்பதற்காகக் காலி பண்ணின குவார்ட்டர்ஸ். தெருவிளக்குகூட இல்லை. எனக்குத் தினமும் பிஸ்கட் போட்டுப் பழக்கமான இரண்டு நாய்கள் கூடவே வந்தன. கேட் வந்ததும் நின்றுவிட்டன. குரைக்கவில்லை. அப்படியே பின்னால் நகர்ந்தன.

"இங்கயா மெஸ்?"

"வா... பேசாம வா."

கீழ்த்தளத்தில் ஒரே ஒரு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். உள்ளேயிருந்து கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டுகிற சத்தம்.

டங்... டங்...

கூடத்தில் ஒரே ஒரு வாழை இலை போட்டிருந்தது. ஒன்றுதான். "எனக்கு வயிறு சரியில்லை, நீ உக்காரு" என்றான் அண்ணா. இலையின் நுனி வலது பக்கம் இருந்தது. இருட்டில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று திருப்பப் போனேன். அண்ணா என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இருக்கட்டும்."

மாமி வந்தாள். ஒன்பது கஜம். நனைந்த புடவை. தலையைக் குனிந்தபடியே பரிமாறினாள். முகம் தெரியவில்லை. வா என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு... அடடா! வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல், மணக்க மணக்க நெய். தில்லிக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை. தலை நிமிராமல் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பாதியில்தான் உறைத்தது. சாதத்திலிருந்து ஆவி பறக்கிறது. கையில் சூடே இல்லை. ஐஸ் மாதிரி இருந்தது.

டங்... டங்...

அடுத்து இலையில் வடை விழுந்தது. அதற்கடுத்து எள்ளுருண்டை.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

இது மெஸ் சாப்பாடு இல்லை. திவசச் சாப்பாடு. வருஷா வருஷம் நானும் அண்ணாவும் பண்ணுகிற அப்பாவின் திவசத்தில் இதே சமையல்தான். அன்றைக்கு இலையில் உட்காருகிறவர் செத்துப்போனவருடைய இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சின்னக் குழந்தைக்குக்கூட எங்கள் வீட்டில் அது தெரியும்.

அப்படியானால் நான்... யாருடைய இடத்தில்?

நிமிர்ந்து அண்ணாவைப் பார்த்தேன். கைகட்டி நின்றிருந்தான். 

"திருப்தியா?" என்றான்.

மாமி கரண்டியைத் தூக்கியபடியே நின்றாள். சத்தமில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனால் போதும் என்றிருந்தது எனக்கு. யார் வீட்டில் சாப்பிட்டாலும் கேட்டதும் சொல்லிப் பழகிய வாய்.

"திருப்தி" என்றேன்.

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. திவசம் பண்ணுகிற கர்த்தா கேட்கிற கேள்வி அது. சாப்பிட்டவர் திருப்தி என்று தன் வாயால் சொன்னால்தான் அது போனவருக்குச் சேரும்.

விளக்கு அணைந்தது.

என் கையில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். போனைத் தட்டி வெளிச்சம் அடித்தேன். உள்ளங்கையில் கறுப்புக் கறுப்பாக...

எள்.

"அண்ணா..."

போன் வெளிச்சத்தைக் கூடம் முழுக்கச் சுற்றி அடித்தேன்.

"டேய் அண்ணா!"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஓடிக்கொண்டிருந்தான். என்னை விட்டுவிட்டு. திரும்பிக்கூடப் பார்க்காமல்.

என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு... ஈரப் புடவை வாசனை...

"நாளைக்கும் வந்துடு, கண்ணா."

எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பு இல்லை. முழங்காலில் ரத்தம். வீட்டு வாசலுக்கு வந்தபோது ஒன்று முப்பத்தைந்து. கதவு உள்பக்கம் தாழ்.

தட்டினேன். திறக்கவில்லை.

"மன்னி! நான்தான் மன்னி!"

திறக்கவில்லை.

அப்போது உள்ளே மேதாவின் குரல் கேட்டது. "அம்மா, பூக் லகீ ஹை."

பசிக்கிறதாம்.

மன்னி விம்மி விம்மி அழுவது கேட்டது. தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷமா, பயமா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் விடிகிற வரை அந்தக் கதவு திறக்கவில்லை. என் சொந்த வீட்டு வாசற்படியில் நாய் மாதிரி கிடந்தேன்.

காலையில் நேராக அந்த குவார்ட்டர்ஸுக்குப் போனேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பையா, இங்கே கரண்ட் கட் பண்ணியே இரண்டு வருஷமாச்சு" என்று இந்தியில் சொன்னான். அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். கூடம் முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. நடுவில் ஒரு இலை அகலத்துக்கு மட்டும் துடைத்து வைத்தாற்போலச் சுத்தம்.

அண்ணாவைச் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது எல்லாம் வந்தது. பந்து பொறுக்கப் போன மேதாவுக்கு அந்தக் கூடத்தில் ஒரு மாமி சாதம் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்துதான் பட்டினி. அந்த வீட்டில் முன்பு இருந்த மாமிக்கு ஒரே பிள்ளை. அவன் அல்பாயுசில் போய்விட்டான். மாமியும் போன பிறகு அவனுக்குத் திவசம் பண்ண நாதியில்லை. ஒருநாள் ராத்திரி அண்ணாவும் மன்னியும் அந்த வாசலில் போய் நின்று அழுதிருக்கிறார்கள். உள்ளேயிருந்து பதில் வந்ததாம். பிள்ளையின் இலையில் உட்கார ஒருத்தர் வந்தால் குழந்தையை விட்டுவிடுகிறேன் என்று.

"வேற வழி தெரியலைடா" என்று அழுதான் பாவி.

"என்னைக் கேட்டிருக்கலாமேடா! மேதாவுக்காக நானே வந்து உக்காந்திருப்பேனே!" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மன்னித்துவிட்டேன். குழந்தைக்காகத்தானே, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நொய்டாவுக்கு வீடு மாறினேன். அன்றிலிருந்து எனக்குப் பசி கிடையாது. எதை வாயில் வைத்தாலும் உள்ளே இறங்குவதில்லை. எடை பாதியாகிவிட்டது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு எங்கே இருந்தாலும் கேட்கிறது... டங்... டங்...

போன வாரம் மன்னி போன் பண்ணினாள். அண்ணாவுக்குத் தெரியாமல்.

"மேதா சாப்பிடறாளா மன்னி?"

"நன்னா சாப்பிடறா."  பிறகு அழுதாள். "சுந்தரேஷ், உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டோம். என்னால தாங்க முடியலை. மாமி யாரையாவது அனுப்புன்னு கேக்கலை. உங்கண்ணா பேரைச் சொல்லித்தான் கேட்டா... பட்டாபி, நீ வந்து உக்காருன்னா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அவளுக்கு உன்னைத் தெரியவே தெரியாதுடா. எனக்கு ஒரு தம்பி இருக்கான்னு இவர்தான் சொன்னார்."