பெட்டியில் இடமில்லை

என் மனுசனின் ஒரு காலைச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எடுத்துவிட்டது. அடுத்தது கண் என்று டொக்டர் சொன்னார். பார்வை போகுமுன் கனடாவில் இருக்கும் மகனைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம். சண்டைக் காலம், பிள்ளையால் வர முடியாது. படம் அனுப்பினால் தள்ளிவிடுவார். "படம் சிரிக்காது. எனக்கு அவன் சிரிக்கிறதைப் பார்க்கவேணும்."

திரையில் முகம் பார்த்துப் பேசவென்று மகன் காசனுப்பக் கொம்பியூற்றர் வாங்கினோம். அது வெள்ளவத்தை வீட்டு மூலையில், என் பழைய சேலைத் துண்டைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது. இன்ரநெற் லைன் இல்லை. காலி வீதி என்ற பெரிய தெருவில் இருந்த நெற் கபேயோ மாடியில். "நான் என்ன அரிசி மூட்டையே, நாலு பேர் தூக்க?" என்று இவர் வர மறுத்துவிட்டார்.

லைன் தருவதற்கு இருந்தது ஒரே பெரிய கொம்பனி. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டி அவர்களுடைய கந்தோருக்குப் போவேன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் முகம் நிமிராமலே சொல்வான்: "இட நே அம்மே." எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் அவர்களுடைய இரும்புப் பெட்டியில், இன்னொரு லைன் கொடுக்க இடமில்லையாம். சின்னக் கொம்பனி ஒன்று தரத் தயார்தான். ஆனால் கம்பம் எல்லாம் பெரிய கொம்பனியுடையது. தன் கம்பத்தில் மற்றவன் வயர் கட்ட அது விடாது.

இதைத் தட்டிக்கேட்க அரசாங்கம் ஓர் ஆணைக்குழு வைத்திருந்தது. சிங்களம் பேசக் கீழ்வீட்டு முஸ்லிம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அங்கேயும் போனேன். அதிகாரி தேத்தண்ணியை ஆற்றியபடி ஏதோ சொன்னார்.

"கம்பத்தப் பங்கு போடச் சொல்லி உத்தரவு போடுவாங்களாம் அன்ரி. பெரிய கொம்பனிக்கு யோசிக்க டைம் குடுத்திருக்காங்களாம்."

"என்ர மனுசன்ர கண்ணுக்கு ஆர் டைம் குடுக்கிறது எண்டு கேள், பிள்ளை."

"அத எப்பிடிச் சொல்ற? வெளிய போட்டுருவாங்க!"

அவர்கள் யோசித்தார்கள். மழைக்காலம் வந்துபோய் மறுபடியும் வந்தது. இவர் சோற்றைத் தடவிச் சாப்பிடத் தொடங்கினார். கடைசியில் உத்தரவு வந்து, சின்னக் கொம்பனிக்காரர் எங்கள் ஒழுங்கையில் ஏணி சாத்திய அன்றே, பெரிய கொம்பனியின் ஆள் கேற்றில் வந்து நின்றான். கழுத்தில் டை, வாயெல்லாம் பல்.

"அம்மா, நாளைக்கே லைன் தரலாம்."

"பெட்டியில இடமில்லை எண்டியள்?"

"இப்ப இருக்கு அம்மா."

மரக்கறிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போவேன். அதே பெட்டி, அதே துரு. ஒரு விரலளவும் வளரவில்லை. போட்டிக்கு ஒருவன் வந்ததும் இடம் பிறந்துவிட்டது. எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஆனால் ஏமாற்று எதுவென்று தெரியும். "உன்ர லைனை உன்ர பெட்டிக்குள்ளேயே வைச்சுப் பூட்டு!" என்று கேற்றை அடித்துச் சாத்தினேன்.

சின்னக் கொம்பனியின் லைனில் மகன் வந்தான், தாடியும் சிரிப்புமாய்.

"அப்பா, என்னைத் தெரியுதோ?"

இவர் சத்தம் வந்த பக்கம் திரும்பி, திரையை விட்டு வெறுஞ்சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரியுதடா. நல்ல வடிவாய் இருக்கிறாய்."

"ஏனப்பா அங்கால பார்க்கிறியள்?"

"லைன் சரியில்லைப் போல, தம்பி."



"லைன் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.